வரியா, தருமமா? – ஏழைக்குக் கை கொடுத்தது எது?



பள்ளிக் கூரையை மாற்றுவதற்கு நிதி திரட்ட வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து ஓர் அண்ணன் எழுந்தார். காலையில் மரம் வெட்டிப் பால் நிறுத்துப் போட்டுவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தவர்.

"வாத்தியாரே, நான் தப்பாக் கேட்கலே. கடையிலே வாங்கற சாமானுக்கு வரி இருக்கு. மோட்டார் சைக்கிளுக்கு ரோட் டேக்ஸ் கட்டறேன். தோட்டத்துக்காரனும் வரி கட்டறான். அவ்வளவையும் வாங்கிக்கிற கவர்மெண்ட்டு ஒரு கூரை போடக்கூடாதா? மறுபடியும் எங்ககிட்டேயே பத்து வெள்ளி கேட்டா எப்படி?" என்றார்.

மேடையில் இருந்த ஒருவர், "தருமம் தலை காக்கும் அண்ணே" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். பத்து வெள்ளியையும் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால், பதில் கிடைத்தவர் முகம் எனக்குத் தெரியும். அவர் முகம் அப்படி இல்லை.

அன்று எனக்கும் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டினேன். அந்த அண்ணனின் கேள்வி இன்று நேற்றுப் பிறந்தது இல்லை. நம் முன்னோர் கப்பல் ஏறுவதற்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி. ஏழையைத் தாங்க வேண்டியது அரசாங்கம் வாங்கும் வரியா, மனம் உள்ளவர்கள் கொடுக்கும் தருமமா? வாருங்கள், நம் சொந்த வரலாற்றை வைத்தே இதைப் பார்ப்போம்.

அணையாத அடுப்பு

முதலில் தருமத்தின் பக்கம் நிற்போம். 1866-ஆம் ஆண்டு வாக்கில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம் தலைகாட்டியது. அதற்கடுத்த ஆண்டு, 1867 மே 23-ஆம் நாள், வள்ளலார் இராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள். பசி என்று வந்தவரைச் சாதி கேட்காமல், சமயம் கேட்காமல் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது.

இதை நடத்த எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. வரி வாங்க அதிகாரியும் வரவில்லை. ஒருவர் மனத்தில் எழுந்த இரக்கம், ஊராரின் கையிலிருந்து அரிசியாகவும் விறகாகவும் வந்தது. பசித்தவன் மனு எழுத வேண்டியதில்லை; வாசலுக்கு வந்தால் போதும். தருமத்தின் பெரிய பலம் இதுதான். அதற்குக் கண் உண்டு. எதிரே நிற்பவன் வயிற்றை அது பார்க்கும்.

ஆனால் அடுத்த பஞ்சம் வந்தபோது ஓர் அடுப்பும் பத்து அடுப்பும் போதவில்லை.

ஒரு ராத்தல் தானியம்

1876-இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தைத் தாது வருசப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்வார்கள். சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்துப் பகுதிகள் என்று தென்னாடே காய்ந்தது. மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதே நேரத்தில் இந்தியாவிலிருந்து தானியம் வெளிநாடுகளுக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. 1877 சனவரி முதல் நாள், விக்டோரியா மகாராணியை இந்தியப் பேரரசி என்று அறிவிக்க டில்லியில் தர்பார் நடந்தது.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. பஞ்ச நிவாரண வேலைகளை நடத்தியது. மண் வெட்டினால், கல் உடைத்தால் கூலி. சென்னையில் கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படித்தான் வெட்டப்பட்டது. பசித்தவர்கள் தோண்டிய கால்வாய்க்கு அன்றைய கவர்னரின் பெயரை வைத்தார்கள்.

அந்த வேலைக்குக் கூலி எவ்வளவு? செலவைக் குறைக்க வேண்டும் என்று இராஜப்பிரதிநிதி லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைச் சென்னைக்கு அனுப்பினார். ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று அவர் 1877 தொடக்கத்தில் நிர்ணயித்தார். நாள் முழுவதும் மண் சுமப்பவனுக்கு ஒரு ராத்தல்! சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். இந்த அளவில் மனிதன் உயிர் வாழலாமே தவிர வேலை செய்ய முடியாது என்று வாதாடினார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலி உயர்ந்தது. அதற்குள் போன உயிர்கள் போனவைதாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அரசாங்கத்தின் கை நீளமானது. மாகாணம் முழுவதும் எட்டக்கூடியது. ஆனால் அந்தக் கையில் கண் இல்லாவிட்டால், காகிதத்தில் ஒருவர் எழுதும் ஓர் எண் லட்சக்கணக்கான வயிறுகளைக் காயப்போட்டுவிடும்.

1877 ஆகஸ்டு மாதம் சென்னையில் பொதுக்கூட்டம் கூட்டி, இங்கிலாந்து மக்களிடம் உதவி கேட்டுத் தந்தி கொடுத்தார்கள். லண்டன் மேயரின் தலைமையில் நிதி திரண்டது. மொத்தம் ஐந்து லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. லிட்டன் பிரபுவுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. எனினும் பணம் வந்தது. அது எங்கே போனது தெரியுமா? அரசாங்க விதியில் இடம் இல்லாத காரியங்களுக்குப் போனது. விதைத் தானியம் வாங்க, செத்துப்போன உழவு மாட்டுக்குப் பதில் மாடு வாங்க, இடிந்த வீட்டுக்குக் கூரை போடப் போனது. அரசாங்கம் உயிரைப் பிடித்துவைக்க மட்டும் கணக்குப் போட்டது. மழை வந்த பிறகு அந்தக் குடியானவன் எழுந்து நிற்க வேண்டுமே என்று நினைத்தது அந்தத் தரும நிதி.

பஞ்சம் முடிந்ததும் 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து பஞ்ச விதித் தொகுப்புகள் வந்தன. பசி வந்த பிறகு யோசிக்காமல், வருமுன்பே எந்த அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். இது வரியின் நல்ல பக்கம். பஞ்சக் காப்பு நிதி என்று சொல்லி 1878-இல் வணிகர் மீது உரிம வரி போட்டார்கள். சென்னையில் உப்பு வரியையும் அந்த ஆண்டுகளில் ஏற்றினார்கள். உப்பு வாங்காத ஏழை உண்டா? பஞ்சத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு ஆப்கானிஸ்தான் போருக்குப் போய்விட்டது என்று அப்போதே பெரும் கண்டனம் எழுந்தது. வரியின் கெட்ட பக்கமும் அதே ஆண்டில், அதே ஊரில் இருந்தது.

சங்ககாலப் புலவர் பிசிராந்தையார் பாண்டிய மன்னனுக்கு இதைத்தான் சொன்னார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்குக் கொடுத்தால் சிறு வயல்கூடப் பல நாளைக்கு வரும். யானையே வயலில் இறங்கினால் அது தின்பதைவிட மிதித்து நாசமாக்குவதே அதிகம் என்றார். தோட்டத்தில் யானை புகுந்த கதை கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தலைக்கு இவ்வளவு

நாட்டில் பிழைக்க வழியில்லாதவர்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய பாட்டன் பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்!

தொடக்கத்தில் ஆள் கொண்டுவந்த செலவு அந்த ஆளின் தலையிலேயே கடனாக ஏறியது. ஒப்பந்தக் கூலி முறை 1910 வரை நடந்தது. கங்காணி முறையிலும் முன்பணம் என்பது கழுத்துக் கயிறுதான். தோட்டக்காரர்களுக்கும் ஒரு தலைவலி இருந்தது. ஒரு துரை பணம் செலவழித்து ஆள் கொண்டுவருவார்; பக்கத்துத் தோட்டத்துத் துரை கொஞ்சம் கூடுதல் கூலி காட்டி அந்த ஆளை இழுத்துக்கொள்வார். ஒருவன் சமைக்க, இன்னொருவன் பந்தியில் உட்காரும் கதை. எல்லாரும் மனமுவந்து செலவைப் பகிர்ந்துகொள்வோம் என்று பேசிப் பயனில்லை.

அதனால் 1907-இல் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. எந்தத் தோட்டம் எத்தனை இந்தியத் தொழிலாளரை வைத்து வேலை வாங்குகிறதோ, அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு முதலாளியும் நிதிக்குப் பணம் கட்டியாக வேண்டும். அவர் ஆள் கொண்டுவந்தாலும் சரி, கொண்டுவராவிட்டாலும் சரி. பெயர் என்னவானாலும் அது ஒரு வரிதான். அந்த நிதி கப்பல் கூலியைக் கட்டியது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் சோறு போட்டது. இறங்குகிறவர் தலையில் கப்பல் கடன் இல்லாமல் இறங்கினார். பிற்காலத்தில், உழைக்க முடியாமல் போனவர்களுக்கு விடுதி நடத்தவும் அந்த நிதி பயன்பட்டது.

இது இரக்கத்தால் வந்த சட்டம் அன்று. ரப்பருக்கு ஆள் வேண்டும் என்பதால் வந்தது. இருந்தாலும் ஒரு பாடம் இருக்கிறது. எல்லாருக்கும் பயன் தரும் செலவை மனமுள்ளவன் மட்டும் சுமந்தால், மனமில்லாதவனுக்கு அது லாபமாகப் போய்விடும். சட்டம் வந்தால்தான் சுமை சமமாகும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது. அதே நிதி, அதே கப்பல். இந்த முறை நம்மவர்களைத் திருப்பி அனுப்பப் பயன்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மலாயாவிலிருந்து தாயகம் திரும்பினார்கள். நிதி யாருடைய வியர்வைக் கணக்கில் சேர்ந்ததோ, அவர்கள் அதைப் பற்றி முடிவெடுக்கும் நாற்காலியில் இல்லை. விடுதலைக்குப் பிறகு 1958-இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகி, தொழிலாளர் நலனுக்கென்று நடந்தது. 1999-இல் கலைக்கப்பட்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியும்?

அந்தக் காலத்து வரி எல்லாம் பணக்காரனிடம் வாங்கி ஏழைக்குக் கொடுத்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்ற அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினியிலிருந்து வந்தது. அந்த அபினியைப் புகைத்தவர்களில் பெரும்பாலோர் உடல் நோக உழைத்த சீனக் கூலிகள். நம் பக்கம் கள்ளுக்கடை. கள் விற்ற லாபத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்கிய தோட்டங்கள் உண்டு. அப்பன் குடித்த காசில் பிள்ளைக்குப் பந்து வாங்கிக் கொடுத்த நலன் அது!

பத்துப் பிள்ளை இருந்தால் பள்ளி

இனி நம் பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

மலாயாவில் தமிழ் வகுப்பின் தொடக்கம் 1816 என்பார்கள். பினாங்கு ஃபிரீ ஸ்கூலை ஒட்டி ஒரு தமிழ் வகுப்பு நடந்தது. நன்கொடையும் நல்ல எண்ணமும் சேர்ந்த காரியம், ஆனால் நீடிக்கவில்லை. அதற்குப் பின் பாதிரிமார் சில இடங்களில் பள்ளி வைத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு காரியம் செய்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. 1930-களின் இறுதியில், கூட்டு மலாய் மாநிலங்களில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகள். எத்தனை நல்ல துரை இருந்தாலும், எத்தனை தருமவான் இருந்தாலும், இவ்வளவு பள்ளிகள் காட்டுக்குள் எழுந்திருக்குமா? எழுந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் சட்டம் பள்ளி வை என்று மட்டுமே சொன்னது. எப்படிப்பட்ட பள்ளி? பல இடங்களில் ஆயாக் கொட்டகையின் ஓரம்தான் வகுப்பறை. கங்காணியோ கிராணியோ தம் வேலை முடிந்த நேரத்தில் வாத்தியார். கட்டாயத்தின் பேரில் செய்கிறவன் எவ்வளவு குறைவாகச் செய்யலாமோ அவ்வளவு குறைவாகச் செய்வான். அந்தக் குறையை நிரப்பியது யார்? மண்ணெண்ணெய் விளக்கில் இரவு வகுப்பு எடுத்தவர்கள். கூலியில் மிச்சம் பிடித்துச் சிலேட்டு வாங்கித் தந்த தாய்மார்கள். பொங்கலுக்கு நாடகம் போட்டுக் கிடைத்த காசில் அலமாரி வாங்கிய இளைஞர் மன்றத்தார்.

பல்கலைக்கழக மட்டத்திலும் இப்படியே நடந்தது. 1956-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கியது. அங்கே தமிழ் நிலைக்க வேண்டும், தமிழ் நூல்கள் குவிய வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். கூலித் தொழிலாளர்களும் ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கொடுத்தார்கள். துறையை வரிப்பணம் நடத்தியது; அலமாரியை மக்களின் வெள்ளி நிரப்பியது.

இப்போது அந்த அண்ணனின் கூரைக்கு வருகிறேன். 1957-க்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் கல்வி அமைப்புக்குள் வந்தன. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. என் வீட்டு அடுப்பு எரிவது உங்கள் வரிப்பணத்தில்தான், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் பழைய சட்டப்படி தோட்டக்காரர் தம் நிலத்தில் கட்டிய பள்ளி என்பதால், பல பள்ளிகளின் நிலம் தோட்டத்துக்கே சொந்தமாக இருந்துவிட்டது. அப்படிப்பட்ட பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகள். முழு உதவி பெறும் பள்ளிக்குக் கட்டடத்தையும் அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. பகுதி உதவி பெறும் பள்ளிக்குக் கட்டடப் பொறுப்பு பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் தலையில். சிறப்பு ஒதுக்கீடு வருவதுண்டு. ஆனால் மாதச் சம்பளத்தைப் போல அது நிச்சயமானதன்று.

ஆகவே அண்ணே, நம் கூரை ஒழுகுவதற்குக் காரணம் இந்த ஆண்டின் மழை மட்டும் இல்லை. 1923-இல் போட்ட அடித்தளத்தில் நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தீர்க்காமல் விட்டதும் ஒரு காரணம். விடுதலையின்போது 800-க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500-க்குச் சற்று மேல்தான் இருக்கின்றன.

பத்துப் பத்து வெள்ளி

வரியும் இல்லாமல் தருமமும் இல்லாமல் மூன்றாவது வழி ஒன்றையும் நம் தோட்டத்து மக்கள் காட்டினார்கள். விடுதலைக்குப் பின் பல வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தலைமுறையாக லயத்தில் இருந்த குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து தெருவில் நின்றன. யாரிடம் கை ஏந்துவது?

1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி வீதம் நூறு வெள்ளிப் பங்கு சேருங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று பேசினார். மரம் வெட்டுகிறவர்களின் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணத்தில் 1961-இல் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னும் பல தோட்டங்கள் சேர்ந்தன. இதில் கொடுத்தவர் வேறு, பெற்றவர் வேறு இல்லை. ஆனால் கையில் பத்து வெள்ளிகூட மிஞ்சாதவருக்கு இந்த வழியிலும் இடம் இல்லை என்பதை மறக்கக்கூடாது. அப்படிப்பட்டவருக்கு வரிதான் அல்லது தருமம்தான்.

மேடையில் கொடுத்த பை

ஏழைக்கு உதவி கிடைத்ததா என்பதோடு, எப்படிக் கிடைத்தது என்றும் கேட்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய வேறொரு பள்ளியில், நல்ல மனம் படைத்த ஒருவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்தார். பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். ஒலிபெருக்கி, படம், கைதட்டல். மறுநாள் அவர்களில் ஒரு பையன் கிழிந்த பழைய பையோடு வந்தான். "ஏன்பா, புதுப் பை எங்கே?" என்று கேட்டேன். "அதைப் போட்டா ஏழைப் பிள்ளைன்னு கூப்பிடுறாங்க சார்" என்றான். கொடுத்தவர் மேல் குற்றமில்லை. பட்டியல் தயாரித்துப் பெயரை வாசித்தவன் நான்தான்.

இதையும் பாருங்கள். 1975-இல் அரசாங்கம் பாடநூல் இரவல் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என்று தொடங்கி, 2008 முதல் வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று ஆனது. இன்று வகுப்பில் யார் மேசையிலும் அதே புத்தகம். எது ஏழைப் புத்தகம், எது பணக்காரப் புத்தகம்? யாரும் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. வரி நன்றாக வேலை செய்யும்போது ஏழைக்கு உரிமை கிடைக்கிறது. தலை குனியாமல் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் வரிக்கும் வெட்கப்படுத்தத் தெரியும். இங்கிலாந்தில் 1601-இலேயே ஏழைகளுக்காக ஊர் வரி போட்டார்கள். 1834-இல் அந்தச் சட்டத்தை இறுக்கி, உதவி வேண்டுமானால் வேலைவிடுதிக்குள் வா என்றார்கள். அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். உதவி கேட்கவே மனிதர்கள் பயந்தார்கள். டெம்பிள் துரையின் ஒரு ராத்தல் கணக்கும் அதே மனப்போக்கில் பிறந்ததுதான்.

தருமத்தின் அழகையும் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2021-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் வேலை இல்லாமல் வீட்டுக்குள் அடைபட்டவர்கள், உதவி வேண்டுமானால் வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம் என்ற இயக்கம் நாடு முழுவதும் பரவியது. கொடியைப் பார்த்த அண்டை வீட்டார், மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பாராமல் அரிசியும் முட்டையும் கொண்டுபோய் வைத்தார்கள். அரசாங்க உதவியும் இருந்தது. ஆனால் இன்று ராத்திரி உலை வைக்க அரிசி இல்லை என்பவனுக்கு, அடுத்த மாதம் வரும் உதவித்தொகை எப்படிப் பசியாற்றும்? அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் கைதான் அரசாங்கம்.

நான் கண்ட முடிவு

இரண்டும் வேண்டும் என்று பட்டிமன்ற நடுவர் மாதிரி சொல்லிவிட்டு நான் நழுவப் போவதில்லை.

திருவள்ளுவர் ஈகை என்ற அதிகாரத்தை இல்லறவியலில் வைத்தார். இறைமாட்சி என்ற அதிகாரத்தை அரசியலில் வைத்தார். பொருளை ஈட்டிக் காத்து வகுத்துக் கொடுப்பது அரசன் கடமை என்பது அங்கே வருகிறது. வீட்டின் கடமை வேறு, அரசின் கடமை வேறு. ஒன்றைச் செய்தால் மற்றொன்று தீர்ந்தது என்று அவர் சொல்லவில்லை.

என் கணக்கு இப்படி. ஒரு பிள்ளைக்குக் கூரை வேண்டும், புத்தகம் வேண்டும், மருந்து வேண்டும், ஆசிரியர் வேண்டும். இவை ஆண்டுதோறும் எல்லாப் பிள்ளைக்கும் தவறாமல் கிடைக்க வேண்டியவை. இவற்றை யாருடைய நல்ல மனத்தையும் நம்பி விடக்கூடாது. இவை வரிப்பணத்திலிருந்தே வர வேண்டும். இதில் வரிதான் மேல் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அந்த வரியை யானை மேய்ச்சலாக விடாமல் கேள்வி கேட்கும் மக்கள் இருக்க வேண்டும். கேட்க ஆளில்லாத நிதிக்கு என்ன ஆகும் என்பதைப் பஞ்சக் காப்பு நிதியிலும் பார்த்தோம். குடியேற்ற நிதியிலும் பார்த்தோம்.

தருமத்துக்கு இரண்டு வேலை. திடீரென்று வரும் துன்பத்துக்கு முதலில் ஓடுவது ஒன்று. சட்டத்தின் கண்ணுக்குப் படாத குறையைக் கண்டுபிடித்து, இதோ பாருங்கள் என்று காட்டுவது இன்னொன்று. டாக்டர் கார்னிஷ் அரசாங்க அதிகாரிதான். ஆனாலும் மனிதக் கண்ணோடு பார்த்து எதிர்த்து எழுதியதால் கூலி உயர்ந்தது. கூரைக்கு நாம் கொடுக்கும் பத்து வெள்ளி, அரசாங்கத்தின் கடமையை நாமே சுமந்துகொண்டு வாய் மூடிக்கொள்வதற்கான பணமாகிவிடக்கூடாது.

ஆகவே அண்ணே, அன்று தரவேண்டிய பதிலை இன்று தருகிறேன். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. மழைக்காலத்துக்கு முன் ஓட்டையை அடைக்க வேண்டும்; பிள்ளைகள் நனைந்துகொண்டு காத்திருக்க முடியாது. அதற்காக உங்கள் பத்து வெள்ளியை வாங்கிக்கொண்டோம். வரவு செலவுக் கணக்கை ஒரு காசு விடாமல் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லித் தலைமையாசிரியரிடமும் சங்கத்தாரிடமும் கேட்டிருக்கிறேன். கூடவே, நிலத்தைப் பள்ளியின் பெயருக்கு மாற்றித் தரக் கோரித் தோட்ட நிர்வாகத்துக்கு ஒன்று, கட்டட ஒதுக்கீடு கேட்டுக் கல்வி இலாகாவுக்கு ஒன்று என்று இரண்டு மனுக்கள் எழுதி வைத்திருக்கிறேன். பரிசளிப்பு விழா அன்று வாசலில் மேசை போட்டு வைத்திருப்போம். வருகிற பெற்றோர் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும் அண்ணே.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குவீர்கள். அந்தப் புத்தகங்களை வாங்கிக் கொடுத்தவர்கள் நன்கொடையாளர்கள். அவற்றைப் படிக்கக் கற்றுக் கொடுத்தது வரிப்பணம். இரண்டையும் நினைவில் வையுங்கள். நாளை நீங்கள் சம்பாதிக்கும்போது வரியை ஒழுங்காகக் கட்டுங்கள். அது எங்கே போகிறது என்று தைரியமாகக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அடுப்பு எரிகிறதா என்றும் பாருங்கள்.